கிழக்கு எந்தப் பக்கம்

கல்யாணமாகி இரண்டு வருடமாக அப்பா என் கணவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நாங்கள் ஸ்ரீரங்கத்து வைணவக் குடும்பம். அவருடையது பொன்மலை ரயில்வே குடும்பம். மீன் இல்லாமல் அங்கே ஞாயிற்றுக்கிழமை விடியாது. ஒகேனக்கல் போகிறோம், வருகிறீர்களா என்று ஒப்புக்குத்தான் அப்பாவைக் கேட்டேன். "வரேன்" என்றுவிட்டார். சண்டைக்கு வருகிறாரா, சமாதானத்துக்கு வருகிறாரா? எனக்குப் பிடிபடவே இல்லை.

பரிசல்காரர் எடை பார்த்து அப்பாவையும் கணவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். இரண்டு புறமும் பாறைச் சுவர், நடுவே காவிரி. அந்த அழகை நான் எங்கே பார்த்தேன்?

"அவரைச் செத்த நகரச் சொல்லு" என்றார் அப்பா, என்னிடம். முழங்கை இடிக்கும் தூரத்தில் இருப்பவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் நான் தூது. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

கரையேறியதும் கணவர் மீன் வாங்கி, சமைத்துத் தரும் ஓர் அம்மாவிடம் கொடுத்தார். அங்கே அதுதான் வழக்கம்: மீன் நம்முடையது, அடுப்பும் கைப்பக்குவமும் அவர்களுடையது. அப்பா துண்டால் மூக்கை மூடிக்கொண்டு சற்றுத் தள்ளி ஒரு பாறைக்குப் போனார். கிழக்கு பார்த்துச் செய்யும் உச்சிவேளைச் சந்தியான மாத்யாஹ்னிகத்தை அவர் எங்கேயும் விட்டதில்லை. குளித்துவிட்டு, தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்து நின்றார். எங்கள் ஊரில் காவிரி கிழக்கே ஓடுகிறது. ஆகவே ஆறு போகும் பக்கம்தான் எங்களுக்குக் கிழக்கு. சூரியனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றால் அது தலைக்கு நேர் மேலே.

கணவர் செல்போனைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார். "மாமா, அது தெற்குங்க. கிழக்கு இந்தப் பக்கம்."

இந்தப் பக்கம் என்றால் நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம். கணவர் முன்னால் இலையில் வறுத்த மீன். இவர் ஏன் வாயைத் திறந்தார்? மீனைப் பார்த்து நிற்பதா, தெற்கைப் பார்த்து மந்திரம் சொல்வதா? அப்பா கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டால் இந்த ஜென்மத்தில் இருவரும் பேசப்போவதில்லை.

அப்பா ஒரு கணம் ஆற்றைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, கையில் நீரை அள்ளிக் கண்ணை மூடினார். என்ன செய்வதென்று தெரியாமல் கணவர் மீன் பிசுக்கு ஒட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

எல்லாம் முடித்து அப்பா கண்ணைத் திறந்தார்.

"உக்காந்து சாப்பிடுங்கோ மாப்பிள்ளை. ஆறிடும்."

வேறு யாருடைய மாப்பிள்ளையாவது பின்னால் நிற்கிறாரா என்று நான் திரும்பிப் பார்த்தேன்.