டனீடின் வரை போட்ட திட்டம்

பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகள் நியூசிலாந்திலும் நடக்கப்போகின்றன என்று தெரிந்ததும், எங்கள் நகரத்தைத் தவிர மற்ற மூன்று நகரங்களுக்கும் போகவேண்டும் என்று கேட்டவள் என் மகள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கிளப்பில் கோல் காப்பாளர். கேம்பர்வேனில் போகலாம் என்று சொன்னவர் என் கணவர்.

"ஹோட்டல் ஒண்டும் வேண்டாம். வேனிலையே படுப்பம், வேனிலையே சமைப்பம். ஹமில்டன், வெலிங்டன், பிறகு வேனோடையே கப்பல் ஏறி டனீடின். ஒரு மட்சையும் விடமாட்டம்," என்றார்.

அவர் விமான நிலையத்துப் பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தில் லொறி ஓட்டினார். பதினாறு வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். ஆகவே யார் வேனை ஓட்டுவது என்ற பேச்சே எழவில்லை. நான் எங்கள் வீடு இருக்கும் தகனினியிலிருந்து வேலைக்கு ஒரு சின்னக் காரில் நெடுஞ்சாலையில் போய்த் திரும்புகிறவள். அந்த வழியையும் நகரத்துத் தெருக்களையும் தவிர வேறெங்கும் நான் ஓட்டியதில்லை.

சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் நாட்டின் வரைபடத்தை ஒட்டினார். எந்த ஊரில் தங்குவது, எங்கே தண்ணீர் நிரப்புவது, எங்கே கழிவுத் தொட்டியை வெறுமையாக்குவது என்று நிறம் நிறமாகக் குறித்தார். வெலிங்டனுக்குப் போகும் வழியிலுள்ள டௌப்போவுக்குத் தெற்கே பனி விழுந்து பாதையை மூடினால் போக மாற்று வழியும் அதில் இருந்தது. மகள் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, எந்த அணி எந்த மைதானத்தில் என்று ஃபோனைப் பார்த்துச் சொல்லுவாள். அவள் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் தமிழில் பதில் சொல்ல, இருவருக்கும் ஒரு குழப்பமும் வராது. டனீடினில் நடக்கும் போட்டிதான் அவளுக்கு முக்கியம். அவளுக்குப் பிடித்த கோல் காப்பாளர் அன்று அங்கே விளையாடுவாள்.

திட்டத்தில் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புதிதாக இருந்தது. எந்த நாளிலும் காலை பத்து மணிக்கு முன்னால் புறப்படுவதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வேன் ஓடுவதில்லை.

"வெலிங்டனுக்கு ரெண்டு நாள் போதுமே. ஏன் நாலு நாள்?" என்று கேட்டேன்.

"மாரி காலம். வெள்ளன இருட்டிப் போடும். பிள்ளையையும் வைச்சுக்கொண்டு ஏன் அவசரம்?"

எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன். கோயிலில் பூசை முடிந்து நின்ற பெண்களிடம் அதைப் பெருமையாகவும் சொன்னேன். சில மாதங்களுக்கு முன் விடிகாலை வேலை நேரத்தை மாற்றி ஒன்பது மணிக்குப் போகத் தொடங்கியிருந்தார். குசினியில் திறந்து கிடந்த அலுமாரிக் கதவில் இரண்டு தடவை நெற்றியை இடித்துக்கொண்டு, திறந்து விட்டவர்களை ஏசினார். தேத்தண்ணியை நீட்டினால் கை தட்டி ஊற்றுப்படும். இதெல்லாம் தனித்தனியாக நடந்ததால் தனித்தனியாகவே மறந்தேன்.

நாங்கள் வாடகைக்கு எடுக்க நினைத்த வேன் பக்கத்திலுள்ள பாபடோயிட்டோயில் இருந்தது. ஓய்வுபெற்ற ஃபீஜி இந்தியர் ஒருவருடையது. முடிவு செய்வதற்கு முன் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லிச் சாவியைத் தந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசைக்குப் போன உடுப்போடேயே மூன்று பேரும் ஏறினோம். மகள் பின்னால் மேசையருகே இருந்து ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து பார்த்தாள். நான் முன்னால் அவருடைய இடது பக்கத்தில் இருந்தேன்.

மரக்கறிக் கடைகளும் சேலைக் கடைகளும் இருக்கிற பெரிய தெருவில் மெதுவாகத்தான் போனோம். முன்னால் பாதசாரிக் கடவை. இடது பக்க நடைபாதையிலிருந்து ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். நான் அவளைப் பார்த்தேன். அவரும் பார்த்திருப்பார், இப்போது வேகத்தைக் குறைப்பார் என்று காத்திருந்தேன். அவர் குறைக்கவில்லை. வெலிங்டனில் வேனை எங்கே நிறுத்துவது என்று சொல்லிக்கொண்டே போனார்.

"நிப்பாட்டுங்கோ!"

பிரேக்கை அழுத்தினார். பின்னால் இழுப்பறைகள் எல்லாம் ஒன்றாகத் திறந்து, கரண்டியும் முள்ளும் தரையில் கொட்டின. மகள் கத்தினாள். வேனின் மூக்குக்கும் அந்தக் குழந்தை வண்டிக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். அந்தப் பெண் உள்ளங்கையால் வேனின் முன்பக்கத்தில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். எங்களைப் பார்த்தபடியே கடந்து போனாள்.

"வெயில்," என்றார் அவர். "கண்ணுக்கு நேரை அடிச்சது."

நான் வானத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து மப்பாகவே இருந்தது. வெயில் எங்கும் இல்லை.

வேனைத் திருப்பிக் கொடுக்கும்போது, மிகவும் நல்ல வண்டி என்று சொல்லி, தேதிகளை உறுதி செய்து கையெழுத்தும் போட்டார். வீட்டுக்குக் காரையும் அவரே ஓட்டினார். இடது பக்க நடைபாதையில் நடந்த ஒவ்வொரு ஆளையும் நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அன்று மாலை சாப்பிடும்போது நான் செய்ததை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. அவர் மகளோடு கதைத்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய இடது பக்கம் இரண்டடி தள்ளி நின்று, அகப்பையைக் காதுக்கு நேராக உயர்த்திப் பிடித்தேன். அவர் திரும்பவில்லை. அகப்பையை மெல்ல முன்னால் நகர்த்தினேன். கன்னத்தைத் தாண்டியும் அவர் கதை நிற்கவில்லை. மூக்குக்குக் கிட்ட வந்தபோதுதான் திடுக்கிட்டார்.

"என்ன, அகப்பையோடை நிக்கிறீர்?"

"புட்டு வைக்கட்டோ எண்டு கேக்க வந்தனான்."

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். நான் வாசலில் நின்றேன். சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவருடைய வேலை போகும், மகளின் பயணம் போகும், சொல்வதற்கு முன் யாரிடமாவது கேட்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேசாமல் நின்றேன். தன் காரை எடுத்துக்கொண்டு அவர் போனார்.

மகளோடு ஒரே அணியில் விளையாடுகிற பெண்ணின் தாய், தமிழ்நாட்டுக்காரர், த்ரீ கிங்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேரே அங்கே போனேன். கடைக்குள் ஒரு ஓரமாக நின்று, கடவையில் நடந்ததையும் அகப்பையையும் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"டெஸ்ட் பண்ணாம நான் எதுவும் சொல்லக் கூடாது அக்கா. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. இப்ப அவர் எங்க இருக்கார்?"

"வேலையிலை."

"என்ன வேலை பண்றார்?"

"லொறி ஓட்டுறார்."

அவர் முகம் மாறியது. "இப்ப ஓட்டிட்டு இருக்காரா?"

"ஓம்."

"அக்கா, ஃபோன் பண்ணுங்க. இப்பவே, என் முன்னாடியே பண்ணுங்க."

மூன்று தடவை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஓட்டும்போது அவர் ஃபோனைத் தொடமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு மணிச் சத்தமும் அவர் ஏதோ ஒரு தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் எனக்குச் சொன்னது. பள்ளிக்கூடங்களுக்கு முன்னால் இருக்கும் கடவைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. கண் பரிசோதிப்பவர் கடையின் கதவை மூடிவிட்டு எனக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. இருபது நிமிடம் கழித்து என் கணவரே அழைத்தார்.

"என்ன, இத்தினை தரம் எடுத்திருக்கிறீர்? பிள்ளைக்கு ஏதும்?"

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. எங்கை நிக்கிறியள்?"

"யார்டிலை. சாமான் ஏத்துறாங்கள்."

"இனி எடுக்காதேங்கோ. லொறித் திறப்பைக் குடுத்திட்டு இறங்குங்கோ."

"விசரே உமக்கு? பின்னேரத்துக்குள்ளை நாலு இடத்துக்குப் போகவேணும்."

"நேற்று வெயில் இல்லை," என்றேன்.

மறுபக்கம் சரக்குத் தூக்கும் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் ஃபோனை வைத்துவிட்டாரோ என்று பயந்தேன்.

"வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போறீரா?" என்றார் கடைசியில்.

நான் போனபோது யார்டு வாசலில் ஒரு சீமெந்துக் கட்டின் மேல் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். காருக்குள் ஏறிப் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, நேரே பார்த்தபடி சொன்னார். பார்வை குறைவது ஏழெட்டு மாதமாகவே தெரியுமாம். பின்னுக்கு எடுக்கும்போது இடது பக்கத்துக் கம்பம் தெரியவில்லை. விடிகாலையில் ஓட்டுவது கஷ்டமாக இருந்தது. தலையை நன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சமாளித்திருக்கிறார்.

"இந்தப் பயணம் முடியட்டும், பிறகு போய்க் காட்டுவம் எண்டு இருந்தனான். பிள்ளையை நான்தான் கொண்டுபோக வேணும் எண்டு ஒரு ஆசை."

எனக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் அவரிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. "அந்தக் குழந்தை வண்டிக்குள்ளையும் ஒரு பிள்ளை இருந்தது!" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதே யார்டுக்கு முன்னால், அவரைக் காலையில் நானும்தான் போகவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவராகவே ஃபோனை எடுத்து மேலாளரிடம், கண்ணில் பிரச்சினை, இனி ஓட்டமுடியாது என்று சொன்னார்.

த்ரீ கிங்ஸ் கடையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் தாடையை வைத்து, சின்ன வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். நான் பின்னால் நின்றேன். டிக், டிக் என்று அழுத்துவார். பிறகு நீண்ட நேரம் சத்தமே இருக்காது. அந்த நேரத்திலும் உள்ளே வெளிச்சங்கள் வந்து போய்க்கொண்டிருக்கின்றன என்று எனக்குத் தெரியும். வந்த படத்தில் இடப்பக்கம் பெரும்பாலும் கறுப்பாக இருந்தது. அந்த வாரமே கண் வைத்தியர் பார்த்தார். க்ளுகோமா என்றார். போன பார்வை திரும்பி வராது, சொட்டு மருந்தால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம், வாகனம் ஓட்டக் கூடாது என்று சொன்னார்.

மகள் அன்றே டனீடின் டிக்கெட்டுகளை விற்றுவிடச் சொன்னாள். "ஐ டோன்ட் வான்ட் டு கோ எனிமோர்," என்றாள். அடுத்த ஒரு வாரம் வீட்டில் யாரும் அந்த வரைபடத்தின் பக்கம் திரும்பவே இல்லை. நானே கழற்றலாம் என்று ஒரு நாள் கதிரையில் ஏறினேன்.

"விடும்," என்றார் பின்னாலிருந்து. "ஹமில்டனும் வெலிங்டனும் போவம். நீர் ஓட்டும்."

"நானோ? அந்தப் பெரிய வேனையோ?"

"நான் சொல்லித் தாறன். ரெண்டு கிழமை இருக்குது."

சனி, ஞாயிறுகளில் வேன்காரரிடம் சாவி வாங்கி, ஆளில்லாத ஒரு பள்ளிக்கூடக் கார் பார்க்கில் ஓட்டினேன். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பினால் ஏசினார். நான் அழுதேன். "அழுதுகொண்டே ஓட்டப் பழகும், பரவாயில்லை," என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது. திட்டத்தைப் புதிதாகப் போட்டோம். அவ்வளவு தூரம் என்னால் ஓட்டமுடியாது என்பதால் கப்பல் பயணத்தை ரத்து செய்தோம். டனீடினை எடுத்துவிட்டதற்கு மகள் என்னிடம் பரவாயில்லை என்றாள். ஆனால் அந்தப் போட்டி நடந்த நாளில் அவள் ஃபோனைத் தொடவே இல்லை.

ஹமில்டனில் அணிகள் இறங்கியபோது எனக்கு ஆட்டத்தில் மனம் செல்லவில்லை. அடுத்த நாள் பாதை பற்றிய நினைப்பாகவே இருந்தது. மறுநாள் டௌப்போவில் வேன்கள் தங்கும் முகாமுக்குள் நுழையும்போது மழை. எங்களுக்குத் தந்த இடம் இரண்டு வேன்களுக்கு நடுவே இருந்தது. பின்னுக்கு எடுத்துத்தான் விடவேண்டும். அவர் வழக்கம்போல் கதவைத் திறந்து இறங்கி, பின்னால் போய் நின்று கையை உயர்த்தினார்.

நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். காலைப் பிரேக்கிலிருந்து எடுக்க முடியவில்லை. அவருக்கு இடது பக்கம் நின்ற வேனின் படியை அவர் காணவில்லை என்று தெரிந்தது. அவர் சொல்வதை நம்பி எடுத்தால் இடிப்பேன். நம்பமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கடைசியில் யன்னலைத் திறந்து மகளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, நீயும் இறங்கிப் பின்னாலை நில்லு."

அவருக்குக் கேட்டது. கையைக் கீழே விட்டார். மழையில் அப்படியே நின்றார். வேனுக்குள் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். மகள் தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடிப்போய் அவருடைய இடது கையைப் பிடித்தாள்.

"அப்பா, யூ டேக் தட் சைட். நான் இந்தப் பக்கம்."

அவர் வலது பக்கத்துக்கு நகர்ந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவர் "வாரும், வாரும்" என்றார், அவள் "ஸ்டாப்!" என்றாள். நான் எடுத்தேன், நிறுத்தினேன், மறுபடி முன்னுக்குப் போனேன். பக்கத்து வேன்காரர் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவையில் வேன் உள்ளே போய் நின்றது. இயந்திரத்தை நிறுத்திய பிறகும் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

அவர் நனைந்தபடி யன்னலருகே வந்தார்.

"கொஞ்சம் சரிவாய் நிக்குது," என்றார். "நாளைக்குக் காலமை வெளியிலை எடுக்கேக்கை வலப்பக்கம் கவனம். அதை நான் பாக்கிறன்."

"ஓம்," என்றேன்.