பள்ளத் தெரு: நில்

ஆரணியில் உட்கார்ந்துகொண்டு புயலைப் பற்றிப் பேசினால் ஆட்கள் சிரிப்பார்கள். கடல் எங்கே, நாங்கள் எங்கே. ஆனால் புயல் கரையைக் கடந்த பிறகு காற்றை அங்கேயே விட்டுவிட்டு மழையை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்; வந்து எங்கள் தலையில்தான் கொட்டும். அந்த வருடமும் அப்படித்தான் கொட்டியது. கமண்டல நாகநதியில் தண்ணீரைப் பார்க்கப் பாலத்தின் மேல் கூட்டம் கூடி, செல்பி வேறு எடுத்தார்கள். விரட்ட விரட்ட வந்தார்கள்.

நான் அப்போது தாலுகா ஆபீஸில் துணை தாசில்தார். புயல் கட்டுப்பாட்டு அறை என் பொறுப்பு. அறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ரெக்கார்டு ரூமை ஒட்டி ஒரு மேசை, இரண்டு போன், சார்ஜ் ஏறாத ஒரு வாக்கி டாக்கி, அவ்வளவுதான். சென்னையில் இருக்கிற மாநிலக் கட்டுப்பாட்டு அறை மாவட்டத்தைக் கேட்கும், மாவட்டம் எங்களைக் கேட்கும், நாங்கள் வி.ஏ.ஓ.க்களைக் கேட்போம். உயிர்ச்சேதம் உண்டா? கால்நடை? வீடு? வெளியேற்ற வேண்டிய ஆட்கள் பாக்கியா? பதில் வந்த வழியே மேலே போகும். போய்ச் சேர்வதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். ஒரு மனுஷிக்கு எத்தனை காது?

ஒன்றும் இல்லை என்றால் எங்கள் ஆபீஸில் 'நில்' என்போம். 'இல்லை' என்று யாரும் எழுதுவதில்லை. இங்கிலீஷ்காரன் விட்டுப்போன வார்த்தை. தமிழ் எழுத்திலேயே எழுதி எழுதி எங்களுக்கு அது தமிழாகிவிட்டது. பயிர்ச்சேதம் நில். வீடு இடிந்தது நில். சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் எழுதுகிறேன்.

என் தம்பி பட்டு நெய்கிறவன். சேவூரில், ஏரிக்குக் கீழே பள்ளத் தெருவில் வீடு. வீட்டுக்குள்ளேயே குழித்தறி, தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். பெரிய மழை என்றால் வாசலுக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னால் அந்தக் குழியில் ஊறிவிடும். அன்று காலையில் ஏரி கோடி போகிறது, தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது என்று தகவல் வந்ததும் முதல் போன் அவனுக்குத்தான் போட்டேன்.

"இன்னாடா, கெளம்பிட்டியா?"

"குழியில தண்ணி வந்துகினு கீதுக்கா. சொம்புல வாரி ஊத்திகினே நெய்யறேன். இன்னும் ஒரு முழம்தான். முடிச்சு அறுத்துட்டு வந்துடறேன்."

அறுப்பது என்றால் நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து வெட்டி எடுப்பது. கல்யாணச் சேலை அது, முழுக்க ஜரிகை வேலை. அதில் ஒரு முழம் என்றால் பொழுது சாய்ந்துவிடும். நானும் அந்த வீட்டில் பிறந்தவள்தானே, எனக்குத் தெரியாதா?

"சேலை போனா போவுதுடா. ஜல்தி வெளிய வா."

"உனுக்கு இன்னா, மாசம் பொறந்தா சம்பளம். தறியில கீற பாவு நனைஞ்சா அந்தக் கல்யாண வூட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது? நீ வைக்கா, வந்துகினேதான் கீறேன்."

சனியனே என்று திட்டிவிட்டு வைத்தேன். மேசையில் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது.

தீயணைப்புக்காரர்களின் படகு சேத்துப்பட்டுப் பக்கம் போயிருந்தது. எங்களிடம் இருந்தது ஒரு ரைஸ் மில்லின் டிராக்டர், பின்னால் டிரெய்லர். வி.ஏ.ஓ. அதன் டிரைவரைக் காலையிலேயே எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டார். தனித்தனியாகப் போன் பண்ணும் பேஜார் இல்லாமல் போகும் என்று நல்லெண்ணத்தில் செய்தார். டிராக்டர் முதல் நடையில் பள்ளத் தெரு ஆட்களை ஏற்றிக்கொண்டுபோய் அரசுப் பள்ளியில் இறக்கியது. வி.ஏ.ஓ. போன் செய்தார்.

"பள்ளத் தெரு மொத்தமும் ஏத்தியாச்சு மேடம்."

"என் தம்பி?"

"அவரு சம்சாரம், பசங்க இங்கதான் கீறாங்க. அவரு பைக்ல பின்னாலயே வந்துகினு கீறாராம்."

அவன் பொண்டாட்டியிடம் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறான். அவள் நம்பினாள், வி.ஏ.ஓ. நம்பினார், நானும் நம்பினேன். அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கு நான் நிம்மதியாக விட்ட மூச்சு அது ஒன்றுதான்.

மில்லுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகள், மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிற இடம். மண்சுவர். அங்கிருந்து ஒரு பெண் கட்டுப்பாட்டு அறை நம்பருக்குப் போன் செய்தாள். மற்றவர்கள் எல்லாம் விடியற்காலையே கிளம்பிவிட்டார்களாம். அவளும் அவள் அப்பாவும் மட்டும்தான் பாக்கி.

"அப்பா கால்ல மூட்டை வுழுந்து கட்டு போட்டு கீது மேடம். நடக்க முடியாது. என்னால தூக்கவும் முடியல."

"டிராக்டர் வருதும்மா. தண்ணியில இறங்காதீங்க. வீட்டுக்குள்ளயே இருங்க."

குரூப்பில் போட்டேன். 'பள்ளத் தெரு: நில். மில் பின்புறம்: பாக்கி.' ஆபீஸ் ஆள் யார் படித்தாலும் ஒரே அர்த்தம்தான். பள்ளத் தெருவில் ஆள் யாரும் இல்லை. மில்லுக்குப் பின்னால் இருக்கிறார்கள், அங்கே போ.

டிரைவர் ஆபீஸ் ஆள் இல்லை. தமிழ் படிக்கத் தெரிந்தவர், தமிழாகப் படித்தார். பள்ளத் தெருவில் நில். மில் வேலை பாக்கி இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம். மேடமே போட்டிருக்காங்க என்று டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போய் ஆளில்லாத தெருவின் மேட்டு முனையில் நின்றுவிட்டார்.

அந்தப் பெண் மறுபடியும் கூப்பிட்டாள். டிராக்டர் இன்னும் வரவில்லை, தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டது என்றாள். வந்துவிடும் என்றேன். டிரைவருக்கு அடித்தேன், போகவில்லை. வி.ஏ.ஓ.வுக்கு அடித்தேன், அதுவும் போகவில்லை. டவர் படுத்துவிட்டது. இந்தப் பக்கம் மாவட்டத்திலிருந்து, பால் பவுடர் எத்தனை பாக்கெட் தேவைப்படும் என்று கேட்டார்கள். நாசமாய்ப் போக, அதற்கும் ஒரு பதில் சொன்னேன்.

டவர் திரும்ப வந்ததும் டிரைவரே கூப்பிட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"மேடம், நீங்க சொன்னாப்பலயே நின்னேன் மேடம். ஒரு வூட்டு உள்ளேருந்து கத்தற சத்தம் கேட்டுது. சொவரு சாஞ்சு கதவு அடைச்சிகிச்சு. நானும் கிளீனரும் கூரை ஓட்டைப் பிரிச்சி மேல தூக்கிட்டோம். உங்க தம்பி மேடம்! கழுத்து வரிக்கும் தண்ணி, சேலையைத் தலைமேல வச்சிகினு நின்னாரு. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா அவ்ளோதான்."

"எங்க நின்னீங்க?"

"பள்ளத் தெருவுலதான். நில்லுன்னு போட்டிருந்தீங்களே."

தம்பி பிழைத்தான் என்று சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. "மில்லுக்குப் பின்னாடி போங்க, உடனே போங்க" என்றேன். யாரோ பேசுவது போல என் குரல் எனக்கே கேட்டது.

டிராக்டர் போனபோது அந்தப் பெண் ரோட்டில் நின்றிருந்தாளாம். டிராக்டர் வருகிறதா என்று பார்க்க வெளியே வந்திருக்கிறாள். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் பின்னால் வீடு உட்கார்ந்துவிட்டது. அப்பா உள்ளே கட்டிலில் இருந்தார்.

மாவட்டத்திலிருந்து வழக்கமான போன். "ஆரணி தாலுகா, உயிர்ச்சேதம் நில் போட்டுக்கலாமா மேடம்?"

"வேண்டாம் சார். ஒன்னு."

"ஒன்னா? காலையிலேருந்து நில்லுன்னுதானே குடுத்துட்டு வந்தீங்க?"

"இப்ப ஒன்னு."

ஆணா, பெண்ணா என்று கேட்டார். சொன்னேன். வயது கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். யாரோ டீ கொண்டுவந்து வைத்தார்கள், குடித்தேன். சர்க்கரை போட்டிருந்தார்களா என்றுகூட ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு நாள்கள் எப்படிப் போயின என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிளீச்சிங் பவுடர் வந்தது, பாய் வந்தது, அதிகாரிகள் கார் காராக வந்தார்கள். எல்லாவற்றுக்கும் நின்றேன், எல்லாருக்கும் பதில் சொன்னேன். பல்லுக்கு ஊசி போட்டால் கன்னம் நம்முடையதாகவே இருக்காதே, எனக்கு முழு உடம்பும் அப்படி ஆகிவிட்டது.

தம்பி வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"நீ டிராக்டரை நிறுத்தி வைக்கலன்னா நான் இன்னிக்கி இல்லக்கா."

"நான் நிறுத்தலடா. அந்தாளு தப்பா படிச்சிட்டாரு."

"சும்மா சொல்லாதக்கா. எனுக்குத் தெரியாதா உன்ன?"

அவன் அழுவதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எழுந்திருடா, சாப்பிடு என்றேன். ஊரும் அவன் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், மில்லில். அக்கான்னா இப்படி இருக்கணும் என்று பாதிப் பேர். அதிகாரி புத்தியைக் காட்டிட்டா என்று மீதிப் பேர். ஆபீஸிலோ இன்னும் மோசம். அவர்களுக்கு 'நில்' என்றால் என்னவென்று தெரியும், தெரிந்தும் கண்ணடித்தார்கள். "பலே ஆளு மேடம் நீங்க. ரெண்டு அர்த்தம் வர்றாப்பல போட்டீங்க பாருங்க." போனைத் தூக்கி அப்படிச் சொன்ன ஆளின் முகத்தில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. அதற்குக்கூடத் தெம்பு வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அந்தப் பெண் ஆபீஸுக்கு வந்தாள். அப்பாவின் நிவாரணத்துக்குக் கையெழுத்துப் போட வர வேண்டியிருந்தது. அதுவரை நான் அவள் குரலை மட்டும்தான் கேட்டிருந்தேன். என்னைவிட வயதில் நிறையச் சின்னவள். நாற்காலியைக் காட்டினேன், நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒன்னு கேக்கட்டுங்களா மேடம்? உங்க தம்பி வூட்டாண்ட நில்லுன்னு நீங்கதான் டிரைவருக்குப் போட்டீங்களாமே."

"இல்லம்மா." போனை எடுத்து அந்த மெசேஜைக் காட்டினேன். "இது ஆபீஸ் பாஷை. நில்னா யாரும் இல்லன்னு அர்த்தம். அங்க யாரும் இல்ல, நீங்கதான் பாக்கி, உங்ககிட்ட வரணும்னுதான் போட்டேன். அவர் வேற மாதிரி படிச்சிட்டார்."

விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். மறுபடியும் படித்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். அவள் தலையை ஆட்டினாள். ஊரில் யாரும் நம்பாததை அவள் நம்பிவிட்டாள்.

"அப்போ அவரு ஒழுங்கா படிச்சிருந்தா எங்கப்பா கீறாரு."

"ஆமாம்மா."

"உங்க தம்பி இல்ல."

அவள் போனை மேசையில் வைத்தாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அவரு ஒழுங்கா படிச்சிருக்கலாம்னு உங்குளுக்குத் தோணுதுங்களா மேடம்?"

சென்னைக்கும் மாவட்டத்துக்கும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் நான். அவள் காத்திருந்தாள். பிறகு காகிதத்தை அவள் பக்கம் திருப்பி, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினேன்.