ஞாயிறன்று நகராத கார்

போன திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா எங்கள் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், ஓகே கே?" - நலமா என்று கேட்கிறார்.

ஓகேதான்... ஏன் என்றேன். என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். உன் மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து எனக்குப் போன் செய்தாள், நீ போனை எடுக்கவில்லையாம், உடனே கூப்பிடு என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

தேடினேன். ஞாயிறு சர்ச் பூசையில் சத்தத்தை நிறுத்திய கைப்போன், அழுக்குச் சட்டைப் பையிலேயே கிடந்தது. மகள் ரீத்தா விடாமல் அழைத்திருக்கிறாள்.

இதைப் படிக்கிற பிள்ளைகளே, இந்த இடத்தில் இரண்டு கார்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜொகூர் மாசாயில் என் வீட்டு வாசலில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே பெயர். ஒன்று, ரீத்தா பிறந்த வருடம் நான் வாங்கியது. இன்னொன்று, ரீத்தா வேலைக்குப் போய் ஆசையாக வாங்கியது - டர்போ. வாங்கிய கொஞ்ச நாளில் வெளிநாட்டு வேலை வந்துவிட்டது. செனாய் ஏர்போர்ட்டில் சாவியை என் கையில் வைத்தாள்.

"வாரம் ஒரு தடவ எடுங்க பா. சும்மா நின்னா பேட்டரி செத்துடும்."

எது உசத்தி? புதியது கண் மூடித் திறப்பதற்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடுமாம். எங்கே தொடுவது? மாசாயில் அடுத்த சிக்னலைத் தொடுவதே பெரிய பாடு. சாலைக் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங் கையை உதறுகிறது. சீட் விலா எலும்பைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் பிரேக்கை மிதித்தால் நிற்கிறது. பழையது கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நிற்கும். ஏற்றத்தில் ஏர்கானை வேறு அணைக்க வேண்டும்.

இருந்தாலும் எனக்குப் பழையதுதான் பிடிக்கும். கடகடவென்று ஏதாவது சத்தம் போட்டுக்கொண்டே வரும், துணைக்கு. புதியது வெளியேதான் உறுமும். கண்ணாடியை ஏற்றிவிட்டால் உள்ளே என் மூச்சுதான் எனக்குக் கேட்கும். மனைவி தவறிய பிறகு வீட்டிலும் அதைத்தானே கேட்கிறேன்... காரிலுமா?

ரீத்தாவிடமிருந்து ஞாயிறுதோறும் ஒரு மெசேஜ் வரும். "கார் எடுத்தீங்களா?" சாப்பிட்டீங்களா என்று இல்லை, தூங்கினீங்களா என்று இல்லை. காருக்கு இருக்கிற மரியாதை!

அந்த வீம்பில்தான் அந்த ஞாயிறு பழையதை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன்.

ரீத்தாவைத் திரும்ப அழைத்தேன். மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"எங்க பா போனீங்க? கார் நகரவே இல்ல."

"உனக்கு எப்படிமா தெரியும்?"

"என் போன்ல காட்டும் பா. ஸ்டார்ட் பண்ணா காட்டும், நகர்ந்தா காட்டும். நேத்து ஒன்னுமே காட்டல."

"பழைய கார்ல சர்ச்சுக்குப் போனேன் மா."

"அந்தக் கார் எனக்கு எதுவும் சொல்லாதே பா."

குரல் சரியாக இல்லை. நான் சமாளிக்கப் பார்த்தேன்.

"ஒரு வாரந்தானே. அதுக்குள்ள பேட்டரி செத்துடாது லா."

"பேட்டரி செத்தா வேற வாங்கிக்கலாம் பா."

போனை வைக்க இரண்டு பேருக்கும் மனமில்லை. அங்கே அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளைகளே, நாளைக்கு நீங்களும் தூர ஊருக்குப் போவீர்கள். அப்பா எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், நேராக அதையே கேட்டுவிடுங்கள்.

காரைப் பற்றிக் கேட்டால், நாங்கள் காரைப் பற்றித்தான் பதில் சொல்வோம்.