மார்கழியில் அடை வைத்தவள்

மார்கழிப் பனியில் யாரும் கோழியை அடை வைப்பதில்லை. பொரித்தாலும் குஞ்சுகள் விறைத்துச் செத்துப்போகும் என்பார்கள். திருச்சுழி ரோட்டில் காடு உழுது பிழைக்கும் சம்சாரிப் பெண் மூக்கம்மாளுக்கும் அது தெரியாதது அல்ல. ஆனால் ஐப்பசி மழையோடு வந்த கழிச்சல் நோய் அவள் வீட்டுக் கோழிகளை ஒன்று விடாமல் வாரிக்கொண்டு போயிருந்தது. பெண்களைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் சத்தம் என்று இருந்ததே அந்தக் கோழிகள்தான். தை பிறக்கட்டும் என்று காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

பாளையம்பட்டி லிங்கம்மாளிடம் அடைக்கோழி ஒன்று இருந்தது. வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பத்துக்காரி. உலக யுத்தத்தால் நூல் கிடைக்காமல் தறி சும்மா கிடந்த சமயம். ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கம்பந்தானியத்துக்குக் கோழியையும் முட்டைகளையும் கொடுத்துவிட்டாள்.

அடுப்புச் சுவரோரம் உடைந்த பானையில் மணல் பரப்பி, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று இரும்புத் துண்டும் கரியும் போட்டு, மூக்கம்மாள் அடை வைத்தாள். கோழி உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான், இரை எடுக்க எழவே இல்லை.

கம்பை இறைத்து, "பா... பா... பா" என்று கூப்பிட்டாள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறியது. தூக்கி வெளியே விட்டால் ஒரு மணியைக்கூடக் கொத்தாமல் பானைக்கே ஓடியது. கொண்டை வெளுத்துவிட்டது. தடவினால் நெஞ்செலும்பு கத்தி மாதிரி கையில் இடறியது.

"முட்டை மேலயே செத்துரும் போல. மார்கழி வேண்டாம்னு அப்பவே சொன்னேன்" என்றார் அவள் புருஷன் கோட்டைச்சாமி.

மூக்கம்மாள் விடிந்ததும் பாளையம்பட்டிக்கு நடந்தாள்.

கேட்டுவிட்டு லிங்கம்மாள் சிரித்தாள். "என்ன சொல்லிக் கூப்பிட்டீக அக்கா?"

"பா பான்னுதான். வேற என்ன சொல்லுவாக?"

"எங்க வீட்ல 'போ போ'ன்னுதான் கூப்புடுவோம். உங்க 'பா பா'வை அது எங்க கண்டுச்சு?"

"போன்னு சொன்னா வருமா?"

"சொல்லிப் பாருங்க."

திரும்பி வந்தபோது கோட்டைச்சாமி அடுப்படியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மூக்கம்மாள் கம்பை அள்ளி, வாய் கூச, "போ... போ... போ" என்றாள்.

"குடிச்சிட்டுப் போறேன் தாயி. எதுக்கு வெரட்டுற?"

"சும்மா இருங்க. உங்களை இல்ல."

கோழி தலையைத் திருப்பியது. எழுந்து, சோம்பல் முறித்து, பானையை விட்டு இறங்கியது. அது அவசர அவசரமாகக் கொத்துவதை இருவரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அது திரும்பி வரும்வரை முட்டைகள் ஆறிவிடாமல் மூக்கம்மாள் பழஞ்சேலையைப் போர்த்தி வைத்தாள்.

பனி கொட்டிய ஒரு காலையில் பொரித்தது. சில கூமுட்டை. ஒரு குஞ்சு ஓட்டை விட்டு வந்ததும் விறைத்துப்போனது. மற்றவை தாயின் இறகுக்குள் புகுந்துகொண்டன. கடைசியாக வந்ததற்கு மட்டும் கால் ஊன்ற முடியவில்லை, ஈரத்தோடு நடுங்கியது. மூக்கம்மாள் அதை முந்தானையில் பொதிந்து, மடியில் வைத்துக்கொண்டு தணலருகே உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. உலை வைக்க நேரமாகியும் அவள் எழவில்லை.

கோட்டைச்சாமி எட்டிப் பார்த்தார். "செத்துருச்சா?"

"தூங்குது."

"சோறு?"

"அசைஞ்சா முழிச்சுக்கிரும்."

அவர் சோற்றுச் சட்டியைக் கழுவிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரே குத்தவைத்தார்.

"எம்புட்டுத் தண்ணி ஊத்தணும்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.