லாரி டியூபில் ஒட்டிய பை

என் மூக்கு பொல்லாத மூக்கு. வீட்டில் அதைக் குறையாகச் சொல்வார்கள், நான் அப்படி நினைத்ததே இல்லை. அப்பளம் போடுகிறவளுக்குக் கை இரண்டாவதுதான், மூக்குதான் முதல். உளுந்து மாவை ஒரு பிடி அள்ளி முகத்தருகே கொண்டுபோனால், அது புது உளுந்தா, மூட்டையில் கிடந்து மக்கினதா என்று சொல்லிவிடுவேன். அப்பளம் சின்னப் பிள்ளை மாதிரி. பக்கத்தில் எது இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். வெங்காயக் கூடை பக்கத்தில் வைத்தால் வெங்காயம். மண்ணெண்ணெய் பக்கத்தில் வைத்தால் அவ்வளவுதான், நாய்க்குக்கூடப் போட முடியாது.

மதுரைக்கு மேற்கே, நாகமலை தாண்டி எங்கள் ஊர். வீட்டுக்காரர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். நான் அப்பளம் போட்டு விற்றேன். வீட்டு வாசல்களில் நின்று வேணுமா வேணுமா என்று கேட்பது எனக்கு ஆகாது. தெரிந்தவர்கள் சொல்லிவிட்டால் கொண்டுபோய்க் கொடுப்பேன், அம்புட்டுத்தான். அப்போது அவர் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தார். பின்னால் உட்கார்ந்து டவுனுக்குப் போய்வருவேன்.

அந்த வருஷம் கோரிப்பாளையத்தில் குடியிருந்த ஒரு டீச்சரம்மா தன் மகள் கல்யாணத்துக்கு அப்பளம் கேட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். அந்தப் பள்ளிக்கூடத்து ஹாஸ்டல் சமையலும் அவர்கள் பொறுப்பில்தான் இருந்தது. கல்யாணத்தில் நன்றாக இருந்தால் வருஷம் முழுக்க ஹாஸ்டலுக்கு நீங்கள்தான் என்று சொல்லியிருந்தார்கள். அது கிடைத்தால் நான் இன்னொருத்தர் வாசலை மிதிக்க வேண்டியதே இல்லை. அதனால் அந்தக் கல்யாணத்தை என் வீட்டுக் கல்யாணமாக நினைத்து மாவு இடித்தேன்.

ஆனால் கல்யாணம் ஐப்பசியில். அடைமழை. அப்பளக் கட்டுகளை எதில் வைத்துக் கொண்டுபோவது என்பதுதான் கேள்வி. மடியில் வைத்தால் அவர் முதுகுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் நொறுங்கிவிடும். வண்டியின் பக்கத்தில் தொங்கவிட்டால் சைலன்சர் சூடு. முதுகில் மாட்டுகிற பைதான் சரி, அதுவும் தண்ணீர் இறங்காத பை. இதில் அவருக்கும் எனக்கும் ஒரே கருத்து. இதற்கு மேல் எதிலும் ஒத்துப்போகவில்லை.

முதலில் அவர் கொண்டுவந்தது யூரியா சாக்குக்குள் இருக்கும் பாலிதீன் பை. எங்கள் பக்கம் மழை வந்தால் ஊரே அதைத்தான் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடும். தலைக்குப் போடலாம். தின்கிற பண்டத்தைப் போடுவதா? விரித்துப் பிடித்ததும் குப்பென்று அடித்தது, மாட்டுத் தொழுவத்தில் மூத்திரம் தேங்கின மூலை மாதிரி. கழுவிவிட்டேன் என்றார்.

"மூத்திரச் சட்டியக் கழுவிட்டு அதுல ஒலை வைப்பீகளா?" என்று கேட்டேன்.  அவர் பையைத் தூரப் போடாமல் மடித்துக் கூரையில் செருகி வைத்தார்.

அடுத்து சிம்மக்கல்லுக்குப் போனோம். அங்கே ஒரு கடையில் மிலிட்டரியிலிருந்து கழித்த சாமான்களைக் குவித்துப் போட்டிருந்தான். பச்சை கித்தான் பை, தோளுக்கு இரண்டு பக்கமும் வார். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. எல்லையில் பனியில் கிடந்த பை, உங்க ஊர்த் தூறலுக்கு என்ன ஆகப்போகுது என்றான் கடைக்காரன். நான் பையின் வாயைத் திறந்து மூக்கை விட்டேன். யாருடைய வேர்வையோ, எத்தனை வருஷத்து வேர்வையோ, சிக்குப் பிடித்த தலையணை வாடையோடு மேலே வந்தது. அடியில் கைவிட்டால் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். பாதி தேய்ந்த சோப்பு. அதில் சுருண்டு ஒட்டிக்கிடந்தது மயிர்.

கையை உதறினேன். கடைக்காரன் சிரித்தான். "சோப்பு ஓசிதான்க்கா, எடுத்துக்கங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தும் அந்த வழவழப்பு விரலைவிட்டுப் போகவில்லை.

அதே சிம்மக்கல்லில் பக்கத்துக் கடையில் ரெக்சின் பை, புதுசு. அதில் பெயின்ட் வாடை. அவர் அதை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார், தையல் ஓட்டையெல்லாம் வானத்து மீன் மாதிரி மினுக்கியது. அதைத் தாண்டி ஒருவன் லாரித் தார்ப்பாயை வெட்டிப் பை தைத்துக்கொண்டிருந்தான். என்ன லோடு ஏற்றின லாரி என்று கேட்டேன். சரக்கு லோடு என்றான். என்ன சரக்கு என்று கேட்டேன். தைக்கிற வேலையைப் பார்த்தான். நான் குனிந்து மோந்தேன். கருவாடு. கருவாட்டில் எனக்குப் பகையில்லை, குழம்பில் கிடந்தால். தார்ப்பாயில் ஊறிக் காய்ந்து மறுபடி ஊறினது வேறு சங்கதி. 

எதிரே டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன் ஒருவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். "யாரு அண்ணே இது, மோப்பம் பிடிக்கிறதுக்குக் கூட்டியாந்தீகளா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டான். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. வா போகலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தார். எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. டீக் கிளாஸை அவன் கழுவிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தால் அவனுக்குத்தான் வெட்கம் வந்திருக்க வேண்டும்.

என் தம்பி அவனியாபுரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தான். இந்தக் கதையைக் கேட்டதும், கடை கடையாக எதற்கு அலைகிறீர்கள் மச்சான், நான் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டான். அவருக்கும் அவனுக்கும் அதில் அத்தனை சந்தோஷம். தேய்ந்துபோன லாரி டியூபை வெட்டி, விரித்து, சொல்யூஷன் தடவி ஒட்டி, சூடு வைத்துப் பைபோல ஆக்கினார்கள். வாருக்குப் பழைய ஃபேன் பெல்ட். வாயைச் சுருட்டி சைக்கிள் டியூப் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

பையைச் சோதித்த விதம்தான் விதம். பஞ்சர் கடைக்காரனுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதானே. வாயைக் கட்டி, மூலையில் ஒரு வால்வை வைத்து, பம்பால் காற்றடித்து, பையைப் பன்றிக்குட்டி மாதிரி உப்ப வைத்து, கடைத் தொட்டியில் அமுக்கினார்கள். அந்தத் தொட்டித் தண்ணீரை நான் சொல்லியே ஆக வேண்டும். கறுப்பு. மேலே எண்ணெய் ஏடு. கடையில் எல்லாரும் கை கழுவுவது அதில், ஒருத்தர் வாய் கொப்பளித்ததையும் அன்றைக்கு என் கண்ணால் கண்டேன். அதற்குள் என் பை. இரண்டு பேரும் முட்டிபோட்டு உட்கார்ந்து குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். ஒன்றுகூட வரவில்லை. ஆண்பிள்ளை பிறந்த மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காத்தே போகல மச்சான். தண்ணி எங்குட்டுப் போகும்?"

"உள்ள மூக்க விட்டுப் பாருடா" என்றேன் நான்.

"ஏக்கா, அப்பளத்துக்கு மூக்கு இருக்கா?" என்றான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பளத்துக்கு மூக்குதான் இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. பையை வீட்டுக்குக் கொண்டுவந்து முருங்கை மரத்தில் காற்றாடத் தொங்கவிட்டேன். வெயில் பட்டதும் இன்னும் மோசம். டயர் எரிந்து அணைந்த இடத்தில் நிற்கிற மாதிரி. இது வேண்டாம், பித்தளைத் தூக்கில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன் தம்பி உழைப்புக்கு இதுதான் மரியாதையா என்று கேட்டுவிட்டு அவர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

கொண்டுபோக வேண்டிய நாள் வந்தது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருவதற்குள் அவர் அப்பளக் கட்டுகளை, நான் வேட்டித்துணியில் சுற்றி வைத்தபடியே, அந்த ரப்பர் பைக்குள் வைத்து வாயைச் சுருட்டிக் கட்டிவிட்டார். மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. நான் கட்டை அவிழ்க்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாத்தமெல்லாம் போயிருச்சு. நானும் உன் தம்பியும் சரி பண்ணிட்டோம். மழை வருது, அவுக்காத."

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். போய்ச் சொல்கிறேன் என்றார். பஸ்ஸும் அப்போதுதான் போயிருந்தது. மாட்டிக்கொண்டு ஏறினேன்.

நாகமலை தாண்டுவதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. கழுத்து வழியாக இறங்கின தண்ணீர் ரவிக்கைக்கும் ரப்பருக்கும் நடுவில் போய்ச் சூடாகிக் கிடந்தது. அட்டை ஒட்டிக்கொண்ட மாதிரி பை முதுகைவிட்டு அசையவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்ற கூட்டத்தில் யாரோ ஆத்தா ஆமை ஓட்டைச் சுமந்துக்கிட்டுப் போகுது என்று கத்தினார்கள். நான் திரும்பவில்லை.

டீச்சரம்மா வீட்டு அடுப்படியில் பையை இறக்கினேன். முகத்தைத் துடைக்கத் துண்டு கொடுத்தார்கள், நல்ல மனுஷி. நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரர் பையை அவிழ்த்து, கட்டுகளை எடுத்துப் பலகையில் அடுக்கிவிட்டார். சருகு மாதிரி காய்ந்திருந்தன. ஒரு சொட்டு ஈரமில்லை. அதற்குப் பின்னால் வந்தது வாசனை.

முகப்பவுடர். பூ வாசனைப் பவுடர், டப்பா முழுவதும். ரப்பர் நாற்றத்தை அமுக்குவதற்காக இரண்டு பேரும் பையின் உள்பக்கமெல்லாம் கொட்டித் தடவியிருக்கிறார்கள். துணி முடிச்சின் இடுக்கு வழியாக அது உள்ளே இறங்கி அப்பளத்தின்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. டீச்சரம்மா அதை அரிசிமாவு என்று நினைத்துவிட்டார்கள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, நான் வாயெடுப்பதற்குள் ஒன்றைப் போட்டுவிட்டார்கள்.

அழகாகப் பொரிந்தது. அப்படிப் பொரிந்ததுதான் எனக்கு வயிற்றெரிச்சல். பெண்ணுக்கு அலங்காரம் பண்ணுகிற அறையில் டயரைக் கொளுத்தினால் எப்படி இருக்கும், அந்த வாடை அடுப்படி முழுக்கச் சுற்றியது. டீச்சரம்மா ஒரு துண்டு ஒடித்து வாயில் போட்டார்கள். தாடை ஒரு தடவை அசைந்து நின்றது. பிறகு முழுங்கினார்கள்.

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வாசனையா இருக்கு, அம்புட்டுத்தான்."

மிச்சத்தை எடுத்து என் வீட்டுக்காரர் கடித்தார். கறுமுறுவென்று முழுவதையும் தின்றார், உதட்டோரத்தில் எண்ணெயும் பவுடரும் ஒட்டியிருக்க, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த வாயைப் பார்க்க எனக்கு ஒக்களிப்பு வந்தது. பவுடரைவிட, ரப்பரைவிட, அந்தச் சோப்பு மயிரைவிட அதுதான் எனக்கு அசிங்கமாகப் பட்டது. தின்ன முடியாததை நன்றாயிருக்கிறது என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் தின்று காட்ட, நாளை மறுநாள் பந்தியில் இருநூறு முந்நூறு பேர் முகம் சுளிக்காமல் முழுங்க வேண்டும். அப்புறம் வெளியே போய்த் துப்புவார்கள். யார் போட்ட அப்பளம் என்று கேட்பார்கள்.

நான் சும்மா இருந்திருந்தால் ஹாஸ்டல் எனக்குத்தான். டீச்சரம்மா சொன்ன சொல்லை மாற்றுகிறவர்கள் இல்லை.

முதல் கட்டை எடுத்தேன். இரண்டு கைக்கும் நடுவில் வைத்து நொறுக்கினேன். அடுத்ததையும் நொறுக்கினேன். அவர் ஏய் ஏய் என்று எழுந்தார். டீச்சரம்மா என் கையைப் பிடித்தார்கள்.

"என்னம்மா செய்யுறீங்க? நாளைக் கழிச்சுக் கல்யாணம். இப்ப நான் எங்க போவேன்?"

"கடையில வாங்கிக்கங்க டீச்சர். இது என் அப்பளம்னு பந்திக்குப் போகக்கூடாது."

"எனக்கே சாப்பிட முடியுது. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"நீங்க முழுங்குனீங்க டீச்சர். சாப்பிடல."

அந்தம்மா கையை எடுத்துக்கொண்டார்கள். முகம் சிவந்துவிட்டது. நான் கடைசிக் கட்டுவரை நொறுக்கி, அதே வேட்டித்துணியில் கொட்டி முடிந்தேன். கெட்டுப்போன எண்ணெயைக் கொட்டிவிட்டுச் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்தேன். வாசலுக்கு வந்ததும் டீச்சரம்மா சொன்னார்கள், ஹாஸ்டல் விஷயமாக இனி வர வேண்டாம் என்று. சரி என்றேன். அவர்கள் கோபம் நியாயம். நான் செய்ததும் நியாயம். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அதில் மாற்றமில்லை.

திரும்பும்போது மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. வெறும் பையை அவரே மாட்டிக்கொண்டார். ஆற்றுப் பாலத்தில் வைகை கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் வண்டியை மெதுவாக ஓட்டினார். அவராகப் பேச்சுக் கொடுத்தார்.

"எது எப்படியோ, ஒரு சொட்டு எறங்கல பாத்தியா."

பாலம் முடிந்து சிம்மக்கல் வந்தது. நிறுத்துங்கள் என்றேன். நிறுத்தினார். இறங்கிக்கொண்டேன்.

"எங்க போற?"

"பஸ்ஸுல வாரேன். நீங்க போங்க."

டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நொறுக்கின அப்பள முடிச்சை மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் காய்கறிக் கூடையை மடியில் வைத்திருந்தாள். இரண்டு தடவை மூக்கை இழுத்து, என்னை மேலும் கீழும் பார்த்தாள். பவுடர் வாசனை தூக்குதே, கல்யாண வீட்டுக்கா போறீக என்று கேட்டாள். நான் ஜன்னலை முழுவதும் திறந்துவிட்டேன். சாரல் முகத்தில் அடித்தது. அடைக்கச் சொல்லி அவள் ஏதோ முணுமுணுத்தாள். நான் ஊர் வரும்வரை அடைக்கவில்லை.