பதினேழாம் பக்கத்தில் ஒரு சிவப்பு டிக்

தேவநாதன் சார் இறந்த செய்தி ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. நான் வராந்தா மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உடம்பு முடியாமல் சில மாதங்களாக அவர் வரவில்லை. ஆனாலும் சனிக்கிழமைகளில் அந்த மேசையைத் துடைப்பதை நான் நிறுத்தவில்லை. தொலைபேசியில் பேசியது அவர் மகள் மங்கை. “டீச்சர், அப்பா போயிட்டாரு. விடியக்காலம், தூக்கத்துலயே.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு சொல்லி வெச்சிருந்தாரு” என்றாள். துணியை மடித்து வைத்துவிட்டு, அவர் ஊரான சேத்தியாத்தோப்பில் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.

சிதம்பரத்தில் அவரோடு பணிபுரிந்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் அவருடைய நினைவு மலரில் இதைப் படிப்பீர்கள். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். கருத்தரங்குகளில் முன்வரிசையில் உட்கார்ந்து கையை உயர்த்துகிறவள் என்று தெரியும். உங்கள் முன்பு நான் ஒருமுறை சொன்ன ஒரு வாக்கியத்தைத் திரும்பப் பெறவே இதை எழுதுகிறேன். அதற்கு முன் அவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் அறிமுகமே ஒரு மறுப்பில் தொடங்கியது. அவர் சிதம்பரத்தில் பேராசிரியர். நான் கடலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அவருடைய சொற்பொழிவின் நடுவே எழுந்து, மூன்றாம் வரியிலிருந்து நான்காம் வரி வரவில்லை என்றேன். அரங்கில் சலசலப்பு. அவர் திரும்பிப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு நான்காம் வரியை அழித்துவிட்டு, சாக்பீஸ் தூசி படிந்த கையோடு என்னிடம் வந்தார். “டீச்சர், நீங்க எங்க இருக்கீங்க? முதுநகரா? அட, ரயிலு நேரா வருதே!” அடுத்த சனிக்கிழமை காலை ஒரு கட்டுக் காகிதத்தோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அப்படி இருபத்தாறு ஆண்டுகள் வந்தார்.

அவர் ஆராய்ந்தது எண்கணிதக் குலங்களை. முழு எண்கள் மட்டும் நிற்கும் சதுர அணிகளை ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டே போனால் கிடைக்கும் கூட்டம் அது. துறைமுக அலுவலகத்தில் வேலை செய்த என் கணவருக்கு அதை அவர் விளக்கிய விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். எங்கள் வராந்தாவின் தரையைக் காட்டி, “மச்சான், எல்லை இல்லாத ஒரு தரைய நெனச்சிக்கங்க. ஒவ்வோர் அணியும் ஒரு நகர்த்தல். ஒரு ஓட்ட எடுத்து அந்த நகர்த்தலையெல்லாம் செஞ்சிப் பதிச்சிக்கிட்டே போறோம். தர முழுக்க மூடணும். அதுக்கு அளவான ஓடு போதுமா, இல்ல ஓடே முடிவில்லாத பரப்பா இருக்கணுமா? அளவான ஓடு போதும்னா அதுக்குப் பேரு லாட்டிஸ். என் பொழப்பு அவ்ளோதான்” என்றார். அன்றிலிருந்து என் கணவர் அவரை வரவேற்கும் முறையே மாறிவிட்டது. “வாங்க சார். இன்னிக்காவது தர மூடுமா? மூடலன்னாலும் வஞ்சிரம் வாங்கியாந்துட்டேன்.” “மீனு அளவானது தானே மச்சான்? அப்ப மூடிடும்” என்பார் இவர். என் கணவரை மச்சான் என்றவர் என்னைக் கடைசிவரை டீச்சர் என்றுதான் அழைத்தார்.

எங்களுக்குள் ஒரு முறை இருந்தது. அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் நான் எதிராளியாகப் படிப்பேன். நம்பினால் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு டிக். நம்பாவிட்டால் ஒன்றும் போடமாட்டேன்; கேள்விக்குறிகூடக் கிடையாது. டிக் இல்லாத வரி இருக்கும் பக்கம் அச்சுக்குப் போகாது. கான்வென்டில் எங்கள் தையல் சிஸ்டர், ஒரு தையல் கோணினாலும் முழு வரிசையையும் பிரிக்கச் சொல்வார். அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை. ஒரு வரியை நிறுவாமல் ‘தெளிவு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தச் சொல்லின் மீதே கோடு போட்டுவிடுவேன். அவர் சிரிப்பார். “தெளிவுன்னு நான் எழுதுனா, அந்த எடத்துல எனக்கு பயம்னு அர்த்தம் டீச்சர்.”

என் கணவர் இறந்த பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. தெருவில் சிலர் பேசியது என் காதுக்கு வந்தது. அவர் காதுக்கும் போயிருக்கவேண்டும். அடுத்த வாரம் மேசையை அவரே வராந்தாவின் உள்மூலையிலிருந்து தெருவோரத்துக்கு இழுத்துப் போட்டார். “பாக்கறவுங்க நல்லாப் பாக்கட்டும். அணிப் பெருக்கல்னா என்னான்னு கேட்டா சொல்லியும் குடுக்கலாம்.” யாரும் கேட்கவில்லை. பேச்சும் நின்றுவிட்டது.

இனி அந்தத் தேற்றம். அவர் பெயரைப் பல ஊர்களுக்கு எடுத்துச் சென்றது அதுதான். சில குறிப்பிட்ட நகர்த்தல்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே அளவான ஓடு போதும் என்பது அதன் சாரம். மூன்றாண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஓர் இளம் ஆய்வாளர் பணிவாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: பதினேழாம் பக்கத்தில் ஒரு வரி நிற்கவில்லை. நிற்கவில்லைதான். அந்தக் கூட்டத்தை ஏறக்குறைய எல்லாப் பகா எண்களாலும் வகுத்து மீதியைப் பார்த்தால் இருக்கவேண்டிய அணிகள் அத்தனையும் கிடைக்கின்றன. ஆகவே அளவான ஓடு போதும் என்று எழுதியிருந்தது. அந்த ‘ஆகவே’ பொய். அதை நாங்கள் இருவருமே ஆண்டுதோறும் வகுப்பில் எச்சரித்திருக்கிறோம். இரண்டுக்கு இரண்டு அணியில் மூலைவிட்டத்தில் ஒன்றுகளை வைத்து, மேல்மூலையில் இரண்டு போட்டு ஒன்று, கீழ்மூலையில் இரண்டு போட்டு ஒன்று. இந்த இரு நகர்த்தல்களுக்கு அளவான ஓடு போதும். இரண்டுக்குப் பதில் மூன்று போட்டால், மூன்றைத் தவிர எல்லாப் பகா எண்களின் மீதியிலும் குறையே தெரியாது. ஆனால் ஓடு முடிவில்லாமல் விரிந்துவிடும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டே அதே பள்ளத்தில் விழுந்திருந்தோம்.

‘விழுந்திருந்தோம்’ என்று இன்று எழுதுகிறேன். அன்று அப்படிச் சொல்லவில்லை. மின்னஞ்சலை அச்செடுத்துக்கொண்டு அவர் வந்தபோது நான் சொன்னது இதுதான்: “இந்தப் பக்கத்தை நான் பார்த்திருந்தால் விட்டிருக்கவே மாட்டேன், சார்.” அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். “ஆமா டீச்சர். அது உங்ககிட்ட வரல. அவசரத்துல நானே அனுப்பிட்டேன். காபி இருக்குதா?” என்றார். நான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பது இன்னும் சரி. அதோடு நிற்கவில்லை. சிதம்பரத்தில் அவர் உங்கள் முன்பு தம் பிழையை ஒப்புக்கொண்ட அன்று, நான் எழுந்து, “என்னிடம் காட்டாமல் அனுப்பியதன் விளைவு” என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அவரும் சிரித்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மங்கை முதுநகருக்கு வந்தாள். கையில் ஒரு பழுப்பு உறை.

“அப்பா இத பீரோவுல தனியா வெச்சிருந்தாரு டீச்சர். தான் போனப்புறம் கிழிச்சிடுன்னாரு. யாருக்கும் காட்டாத, முக்கியமா டீச்சருக்குன்னாரு.”

“பிறகு ஏன் கொண்டுவந்தாய்?”

“டிக் போட்ட பக்கத்த அவரு ஒருநாளும் எறிஞ்சதில்ல. அவராலயே முடியாதத நான் எப்புடி கிழிப்பேன்?”

உள்ளே கையெழுத்துப் பிரதியின் பதினேழாம் பக்கம். அந்த வரி. அதன் ஓரத்தில் என் சிவப்பு டிக்.

அது என் கணவர் மருத்துவமனையில் கிடந்த மாதம் என்று நான் சொல்லிக்கொள்ளலாம். சொல்லப்போவதில்லை. டிக்கைப் பலமுறை பார்த்தேன். கை நடுங்கிப் போட்டதல்ல. நேராக, அழுத்தமாக விழுந்திருக்கிறது. படித்தேன், நம்பினேன், போட்டேன். அவர் அதை மூன்றாண்டுகள் பூட்டி வைத்து, என் பெருமைக்காக என் ஏளனத்தையும் வாங்கிக்கொண்டார். மங்கையிடம், “அவரு ஏன் என்கிட்ட சொல்லலியாம்?” என்று கேட்டபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “நானும் கேட்டேன். ‘டீச்சர் அப்புறம் டிக் போடவே பயப்படுவாங்க. எனக்கு வேற யாரு இருக்காங்க’ன்னாரு” என்றாள்.

ஆகவே, அன்று நான் சொன்னது பொய். அந்தப் பக்கம் என்னிடம் வந்தது. நான்தான் விட்டேன். இதை உங்கள் எல்லோர் முன்பும் சொல்கிறேன்.

இதழுக்கு அனுப்ப அவர் எழுதிவைத்த திருத்தக் குறிப்பையும் மங்கை தனியாகக் கொண்டுவந்திருந்தாள். ‘பிழை முழுவதும் என்னுடையது’ என்று அது முடிகிறது. அவருடைய சொல்லில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் அதன் கீழே என் பெயரில் இரண்டு வரி எழுதி, பதினேழாம் பக்கத்தின் நகலையும் இணைத்துத் திங்கட்கிழமை அனுப்பிவிட்டேன். நினைவு மலரில் இதையெல்லாம் தவிர்க்கலாமே என்று மலர்க்குழுவிலிருந்து ஒருவர் அன்போடு சொன்னார். தவிர்த்தால் அந்த மலரில் என் கட்டுரை இருக்காது என்றேன்.

தேற்றம் நான்கு வகைகளாகப் பிரிகிறது. மூன்றை அவர் நோயோடு போராடிக்கொண்டே வேறு வழியில் நிறுவிவிட்டார். அவற்றை வரிவரியாக மறுபடி படித்தேன், நிற்கின்றன. நான்காவது மீதி இருக்கிறது. அதற்குப் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில் ‘தெளிவு’ என்று ஒரு சொல் வந்திருக்கிறது. அங்கே எனக்கு பயம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பதினேழாம் பக்கத்தை. சட்டமிட்டு மாட்டவில்லை, எழுதும்போது எதிரே தெரியும்படி மேசையில் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். என் பதினோரு பக்கங்களின் ஓரங்கள் வெறுமையாக இருக்கின்றன. எழுதியவளே டிக் போடக்கூடாது. உங்களில் ஒருவர் வாருங்கள். சிதம்பரத்திலிருந்து ரயில் நேராக வருகிறது. சனிக்கிழமை காலை மேசை துடைத்திருக்கும், தெருவோரமாகத்தான் போட்டிருக்கும். பென்சில் நான் தருகிறேன். என் வயதைப் பார்த்து ஒரு டிக்கூடப் போடாதீர்கள்.