அப்பாவின் துப்பாக்கியைத் துடைத்த நாள்

அப்பா இறந்த பதினேழாம் நாள் அவருடைய துப்பாக்கியைப் போலீஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள். செம்பனைக் கன்றுகளைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளைச் சுட அவருக்கு லைசென்ஸ் இருந்தது. ஆள் போனால் லைசென்ஸும் போய்விடும்.

அதில் ஒன்றும் சிக்கல் இல்லை. சிக்கல், துப்பாக்கி அழுக்காக இருந்ததுதான். எப்போது சுட்டாலும் குழல் சூடு ஆறுவதற்குள் துடைத்துவிடுவார். துணி வெள்ளையாக வெளியே வரும்வரை சாப்பிட உட்கார மாட்டார். கடைசியாகச் சுட்ட அன்றே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த ஒரு தடவை அழுக்கை மட்டும் போலீஸ்காரர்கள் பார்த்து, இந்த ஆள் இப்படித்தான் வைத்திருந்தாரா என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

செங் என்ற ஊரில் ஃபேக்டரி வேலை பார்க்கும் அண்ணன் லீவு போட்டு வந்திருந்தான். தோட்டாக்களைத் தனி டப்பாவில் போட்டுக் காரில் வைத்துவிட்டு, துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து, காலிதானா என்று மூன்று தடவை பார்த்தான்.

"லைசென்ஸ் இல்லாம இத தொடவே கூடாது தெரியுமா? கேட்டா தொடவே இல்லன்னு சொல்லு."

"தொடாம எப்படி ஸ்டேஷனுக்குக் கொண்டு போவ?"

"வாய மூடிக்கிட்டுத் தொடை லா."

அப்பா குழல் துடைக்கும் நீளக் கம்பியில் பித்தளை பிரஷை மாட்டி, பாட்டில் மருந்தில் நனைத்து உள்ளே விட்டேன். பாட்டில் மேலே இருந்த இங்கிலீஷ் எனக்கு ஓடாது. அப்பா எவ்வளவு ஊற்றுவார் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. பிறகு பழைய பனியன் துண்டு. முதல் துண்டு கறுப்பு. வெடிமருந்துக் கரி, சரி. அடுத்ததில் பிளாஸ்டிக் இழை வந்தது. தோட்டாவுக்குள் இருக்கும் மூடி உருகி ஒட்டியது, அதுவும் சரி. எட்டாவது துண்டில் சாம்பல் நிறத்தில் களி மாதிரி ஒன்று வந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். "பாத்திரம் கழுவுற சோப்பு போடுடி. ஒரே தேய்ல போயிரும்."

"துரு புடிக்கும்மா."

அண்ணன் துணியை முகர்ந்து பார்த்தான். "என்ன இது, மல்லிகை வாசம் வருது?"

"ஊதுபத்தியா இருக்கும்," என்றார் அம்மா. "ஆயுத பூசைக்கு அதுலதான சொருகுவேன்."

"குழாய்க்குள்ளயா?"

"வேற எங்கடா சொருகுறது? வச்சிருந்த வாழப்பழத்தத்தான் நீ தின்னுடுவியே. இதோட ஓட்டையும் சரியா இருந்துச்சு, ஆடாம நின்னுச்சு."

"இந்த வருசமுமா? அப்பா ஆஸ்பத்திரில இருந்தாரேம்மா."

"அவரு இல்லன்னா பூசையை விட்டுருவனா? மூணு பத்தி கூடவே வச்சேன். நல்லா ஆயிட்டு வரட்டும்னு."

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை.

"அப்பா உங்கள ஒண்ணுமே சொன்னதில்லயா?" என்று கேட்டேன்.

"அவரு என்னா சொல்வாரு. பூசைக்கு மறுநாள் காலையில உக்காந்து தொடைச்சிக்கிட்டே இருப்பாரு. இவ்ளோ நேரமா என்னாங்க தொடைக்கிறீங்கன்னா, தூசின்னுவாரு."

சொல்லிவிட்டு அம்மா அந்தச் சாம்பல் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பெட்டியில் மடித்து வைத்திருந்த அப்பாவின் புதுப் பனியனை எடுத்துவந்து, கத்தரிக்கோலால் தாமே துண்டு போட்டுக் கொடுத்தார். அதில் ஐந்தாவது துண்டு வெள்ளையாக வந்தது. எண்ணெயை ஒரு துளி மட்டும் தடவினேன்.

மெர்லிமாவ் ஸ்டேஷனில் இருந்த மலாய்க்காரர் துப்பாக்கியைத் திறந்து, ஜன்னல் பக்கம் பிடித்து, ஒரு கண்ணை மூடிக் குழலுக்குள் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார்.

"பெர்சே," என்றார். சுத்தமாம். பிறகு, யார் துடைத்தது என்று மலாயில் கேட்டார்.

மேசைக்கு அடியில் அண்ணன் என் காலை மிதித்தான்.

"அப்பா," என்றேன்.

அவர் கையிலிருந்த இறப்புச் சான்றிதழைப் பார்த்தார். என் நகங்களில் இருந்த கரியைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார்.